தஞ்சாவூர் வரைக்கும் டிக்கெட்

வேணாம் தம்பி, அந்தப் பைய மேல வெக்காதீங்க. மடிலயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்ல. உள்ள ஒரு துண்டு, துண்டுக்குள்ள ஒரு ஹார்ட் டிஸ்க்கு, என்னோட போனு, அவ்ளோதான். மேல வெச்சா வேகத்தடைல ஏறி எறங்குறப்ப அடி வாங்கும். பாக்க சோப்பு டப்பா கணக்கா இருந்தாலும் உள்ள ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு பாட்டு இருக்கு. பாட்டுன்னா சினிமாப் பாட்டு இல்ல. நாயனம். கோயில் திருவிழால சாமி பொறப்பாட்டுக்கு வாசிப்பாங்கல்ல, அதப் பக்கத்துல நின்னு ரெக்கார்டு பண்ணினது.

நீங்க எங்க போறீங்க, தஞ்சாவூரா? நானும் தஞ்சாவூருக்குத்தான் டிக்கெட் எடுத்திருக்கேன். எறங்க வேண்டியது அதுக்கு முன்னாடி, வேளாங்கரைல. ஒரத்தநாடு தாண்டி ஆறாவது ஸ்டாப்பு. எதுக்கும் இருக்கட்டும்னு தஞ்சாவூருக்கே எடுத்துட்டேன்.

என் பேரு கலியமூர்த்தி. டெலிபோன்ஸ்ல லைன்மேனா முப்பத்தோரு வருஷம் இருந்தவன். போஸ்ட்டு மேல ஏறி கைல இருக்கிற போன லைன்ல மாட்டினா, ஊர்ல யாரு யார்கிட்ட என்ன பேசுறாங்கன்னு அத்தனையும் கேக்கலாம். நான் கேட்டதில்ல. ஒரு தடவ கேட்டிருக்கேன். ரெண்டு தடவ. ஆனா கேட்டத வெளில சொன்னதில்ல. அந்த விஷயத்துல என்ன யாரும் ஒரு சொல்லு சொல்ல முடியாது.

இந்த டிஸ்க்கு என்னுது. உள்ள இருக்கிற பாட்டு என்னுது இல்ல. வைரக்கண்ணு அண்ணனோடது. அங்கதான் தம்பி சிக்கலே.

வைரக்கண்ணு அண்ணன் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. எனக்கு நாலு வயசு மூத்தவரு, வேளாங்கரைல எனக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. அவரு டூட்டி பாத்த காலத்துல எந்த ஊர்ல என்னிக்குத் தேரு, என்னிக்குத் தெப்பம்னு விரல் நுனில வெச்சிருப்பாரு. அந்தப் பக்கம் போற வண்டிக்கு டூட்டிய மாத்திக்கிட்டுப் போயிடுவாரு. ஒரு டேப் ரெக்கார்டர், ஒரு குடை. குடைக் கம்புல மைக்கக் கட்டி, நாயனக்காரருக்கு நாலடி தள்ளி நடந்துக்கிட்டே புடிப்பாரு. மழையே இல்லாத ராத்திரில குடையப் புடிச்சுக்கிட்டு நடக்குற ஆளுன்னு சுத்துப்பட்டுல எல்லாருக்கும் அவரத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் அப்படிப் புடிச்சது.

ஒரு வித்வான், பேரு வேண்டாம், அவரு போய்ச் சேந்துட்டாரு. அவரு அண்ணன்கிட்ட ஒரு சத்தியம் வாங்கிக்கிட்டாரு. முன்னாடி எவனோ ரெக்கார்டு பண்ணிட்டுப் போய் கேசட்டு போட்டு வித்துட்டான், அந்தக் கோவம் அவருக்கு. 'கண்டக்டரே, நீ புடிச்சுக்க. ஆனா ஒருத்தன்கிட்டயும் குடுக்காத. கேக்குற ஆசை இருக்கிறவன் உன் வீட்டுக்கு வந்து கேக்கட்டும்'னு சொல்லி, நாயனத்து மேல அண்ணன் கையப் புடிச்சு வெச்சாராம். அதுலேர்ந்து அண்ணனுக்கு அதான் சட்டம். வரலாம், உக்காரலாம், கேக்கலாம், டீ குடிக்கலாம். கொண்டு போக முடியாது. எங்கள மாதிரி நாலஞ்சு பேரு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம போய்க் கேப்போம். பத்தொம்பது வருஷமா போறேன், எனக்கும் அதே சட்டந்தான்.

கஜா புயலு வந்துச்சுல்ல, அதுல அவரு வீட்டு ஓடெல்லாம் பறந்துடுச்சு. கேசட்டு அத்தனையும் தண்ணில நனஞ்சு ஊறிப் போச்சு. அண்ணன் சாப்பிடாம கொள்ளாம சுருண்டு படுத்துட்டாரு. அப்ப அவரு மருமக சுகந்தி வீட்டுக்கு வந்து ஆறு மாசங்கூட ஆகல. ஈ-சேவை மையத்துல வேல பாத்துச்சு அந்தப் பொண்ணு, கம்ப்யூட்டர் தெரியும். ஒவ்வொரு கேசட்டா ஸ்குரூவக் கழட்டி, நாடாவ உருவி, ஃபேன் காத்துல காய வெச்சு, திரும்பப் பேனாவ விட்டுச் சுத்தி, ஓட விட்டுச்சு. ஒரு தடவதான் ஓடும் தம்பி. ஓடி முடிஞ்சா நாடா பிசுபிசுன்னு ஒட்டிக்கும், அதோட அதக் குப்பைலதான் போடணும். அந்த ஒரு ஓட்டத்துல புடிச்சாத்தான் உண்டு. டேப் ரெக்கார்டர்ல கம்ப்யூட்டருக்கு வயர் சொருகுற ஓட்டை ஒடஞ்சு போச்சுன்னு, டேப் ரெக்கார்டர் முன்னாடி ஒரு மைக்க வெச்சே புடிச்சுச்சு. அதனால தோடி ஆலாபனைக்கு நடுவுல குக்கர் விசில் கேக்கும். காம்போதில பால்காரன் மணி அடிப்பான். ரெண்டரை வருஷம் புடிச்சுச்சு. வயித்துல புள்ளய வெச்சுக்கிட்டும் புடிச்சுச்சு.

எல்லாம் ஒரே ஒரு ஹார்ட் டிஸ்க்குல. 'மாமா, இன்னொரு காப்பி வெச்சுக்குவோம்'னு சுகந்தி எவ்ளோவோ சொல்லிப் பாத்துச்சு. அண்ணன் ஒத்துக்கல. 'ரெண்டாவது ஒண்ணு இருந்தா அது ரெண்டாவது ஆள் வீட்டுக்குப் போயிடும்'னுட்டாரு. லேப்டாப்புல கூட ஒண்ணும் தங்கக் கூடாது. டிஸ்க்க அவரோட பழைய கண்டக்டர் தோல்பைல போட்டு, சாமி அலமாரில வெச்சுப் பூட்டிடுவாரு.

இப்ப ஒண்ணு சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. அத அவரு எப்படி அடுக்கி வெச்சிருந்தாரு தெரியுமா? மாச வாரியா. சித்திரை, வைகாசி, ஆனின்னு பன்னண்டு ஃபோல்டரு. உள்ள போனா ஊர் பேரு. அதுக்குள்ள வருஷம். ராகம் கெடையாது, வாசிச்சவங்க பேரு பாதிக்கு மேல கெடையாது. ஒருத்தன் தோடி கேக்கணும்னா சித்திரைலேர்ந்து பங்குனி வரைக்கும் அலையணும். இது ஒரு முறையா? நான் ஒரு நாள் மரியாதையாத்தான் சொன்னேன். 'அண்ணே, குடுங்க, ராக வாரியா பிரிச்சுத் தரேன்'னு. அவரு டீயக் குடிச்சுக்கிட்டே, 'ராகம் தெரிஞ்சா போனேன் கலியா, திருவிழா தெரிஞ்சுதான போனேன்'னாரு. மத்தவங்க சிரிச்சாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலியே.

போன ஆவணில அவருக்குக் கண்ணு ஆபரேஷன். தஞ்சாவூர்ல தங்கணும், நாலு நாள் ஆகும்னாங்க. அதே சமயத்துல வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வரச் சொல்லியாச்சு. சாமி அலமாரியெல்லாம் காலி பண்ணணும். கெளம்புற அன்னிக்குக் காலைல, டிஸ்க்க நான் வெச்சுக்கணும்னு சொல்லி என்னக் கூப்பிட்டாரு. நான் போறப்ப உள்ள சுகந்தி கடைசி கேசட்ட ஓட விட்டுக்கிட்டிருந்துச்சு. அது முடிஞ்சு, டிஸ்க்குல ஏத்தி, கழட்டித் தோல்பைல போட்டுக் குடுத்துச்சு. அண்ணன் அத வாங்கி என் கைல குடுத்தாரு. 'உன்கிட்ட இருக்கட்டும். கேக்கணும்னா கேளு'ன்னாரு. காப்பி பண்ணாதன்னு சொல்லல தம்பி. எல்லார்கிட்டயும் சொல்றவரு, என்கிட்ட அன்னிக்குச் சொல்லல.

அந்த மொத ரெண்டு நாள் நான் தொடக்கூட இல்ல. மூணாவது நாள் காலைல திடீர்னுதான் தோணுச்சு. ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கிட்டா என்ன? யாருக்குத் தெரியப் போவுது? நான் விக்கப் போறனா? ஓய்வா உக்காந்து ராக வாரியா பிரிச்சு, ஒரு நாள் அண்ணன் முன்னாடி வெச்சா அவரே அசந்து போவாரு. அதான் நெனச்சேன். வெறும் டிஸ்க்கு ஒண்ணு வீட்ல இருந்துச்சு, நாலு டி.பி. ஒரு மாசம் முன்னாடி வாங்கினது. அது வேற எதுக்கோ வாங்கினது. எதுக்குன்னு இப்ப ஞாபகம் இல்ல.

பெங்களூர்ல இருக்கிற என் பையன் சொல்லிக் குடுத்திருந்தான். எல்லாத்தையும் மொத்தமாப் புடிக்கிறதுக்கு ஒரு பட்டன், காப்பிக்கு ஒரு பட்டன், ஒட்டுறதுக்கு ஒரு பட்டன். பன்னண்டு மாசத்தையும் மொத்தமாப் புடிச்சேன். அமுக்கினேன். ஒட்டினேன். பச்சைக் கோடு ஓட ஆரம்பிச்சுது. மேல இங்கிலீஷ்ல என்னமோ எழுதியிருந்துச்சு, நான் அதப் படிக்கல. கோடு ஓடுதுல்ல, அது போதும்னு இருந்துட்டேன். காலைல ஆரம்பிச்சது சாயங்காலம் நாலு மணி வரைக்கும் ஓடிச்சு. கடைசில கோடு முடியவும், வாசல்ல அண்ணன் மவன் அறிவழகன் வண்டி வந்து நிக்கவும் சரியா இருந்துச்சு. அப்பாவ ஒரு நாள் முன்னாடியே அனுப்பிட்டாங்க, டிஸ்க்கக் கேக்குறாருன்னான். நான் அவசர அவசரமா வயரப் புடுங்கி, தோல்பைல போட்டு, அவன் கைல குடுத்துட்டேன். தொறந்து பாக்கல. எதுக்குப் பாக்கணும்? காப்பிதான எடுத்தேன்.

மூணு நாள் கழிச்சு அண்ணன் என் வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. கண்ணுல பச்சைத் துணி. கால்ல செருப்பு இல்ல. 'போச்சு கலியா, எல்லாம் போச்சு'ன்னாரு.

என்ன நடந்திருக்குன்னா, அதுக்கு மொத நாள் சுகந்தி அந்த டிஸ்க்குல பேத்தியோட காதுகுத்து போட்டோவ ஏத்தியிருக்கு. அப்பப்ப அப்படி ஏத்தும், எடம் கெடக்கேன்னு. ஏற்கெனவே அதுக்காக அண்ணன்கிட்ட ரெண்டு தடவ ஏச்சு வாங்கியிருக்கு. உள்ள என்ன இருக்குன்னு பாக்காம, லேப்டாப்புலேர்ந்தே அனுப்பிட்டு மூடிடுச்சு. மறுநாள் அண்ணன் தொறக்கச் சொன்னா, உள்ள காதுகுத்து போட்டோ மட்டும் இருக்கு. சித்திரையக் காணோம், பங்குனியக் காணோம், ஒண்ணத்தையும் காணோம். பாக்குறவங்களுக்கு என்ன தோணும்? எடம் பத்தலன்னு பாட்ட அழிச்சிட்டுப் போட்டோவ ஏத்திடுச்சுன்னுதான தோணும்.

அண்ணன அனுப்பிட்டு நான் உள்ள ஓடினேன். என் டிஸ்க்க மாட்டினேன். பன்னண்டு மாசமும் இருக்கு. மொதல்ல எனக்குச் சந்தோஷம்தான் வந்துச்சு தம்பி. மறைக்காமச் சொல்லிடணும். அப்பாடா, ஒண்ணும் போகலன்னு. அப்புறந்தான் புரிஞ்சுது. காப்பிக்கு 'சி'ய அமுக்குறதுக்குப் பதிலா பக்கத்து எழுத்து 'எக்ஸ'அமுக்கியிருக்கேன். ரெண்டும் ஒட்டி ஒட்டித்தான் இருக்கு, நீங்களே பாத்திருப்பீங்க. அது காப்பி எடுக்காது, அங்கேர்ந்து எடுத்து இங்க வெச்சுடும். பாட்டு காப்பி ஆகல. வீடு மாறிடுச்சு.

உடனே போய்ச் சொல்லிடணும்னு கெளம்பிட்டேன். சத்தியமாக் கெளம்பினேன். சட்டையக் கூட மாத்தல. உள்ள நொழஞ்சா, அண்ணன் நாக்காலில உக்காந்திருக்காரு, சுகந்தி சுவத்தோரமா நிக்குது. 'நான் அழிக்கல மாமா. அந்த டிஸ்க்கத் தஞ்சாவூர்ல ஒரு கடைல குடுத்துப் பாப்போம். அழிஞ்சது திரும்பி வரும். எப்ப அழிஞ்சதுன்னு கூடச் சொல்லிடுவாங்க'ன்னு சொல்லுது. அண்ணன் என்னப் பாத்தாரு. 'நீ என்ன சொல்ற கலியா?'

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'கடைக்காரன நம்ப முடியாதுண்ணே. மீட்டுக் குடுத்துட்டு அவன் ஒரு காப்பி எடுத்து வெச்சுக்குவான்'னு சொன்னேன்.

என் வாயிலேர்ந்துதான் வந்துச்சு. நான் சொல்லணும்னு நெனச்சது அது இல்ல. அண்ணன் உடனே, 'ஆமா, அது வேற இருக்கு'ன்னுட்டாரு. சுகந்தி என்ன ஒரு பார்வ பாத்துச்சு. உள்ள போயிடுச்சு.

நாளைக்குச் சொல்லிக்கலாம்னு வந்துட்டேன். மறுநாள் போனா அண்ணன் அந்தப் பொண்ணு போட்ட சோத்துல கைய வெக்கல. அதுக்கு மறுநாள் அது வெச்ச தண்ணியக் குடிக்கல. ஒரு வார்த்த திட்டலிங்க. திட்டியிருந்தாக் கூடத் தேவல. மருமக எதுக்க வந்தா சுவத்தப் பாத்துத் திரும்பிக்குவாரு. ஒரு மாசம் பாத்துச்சு அந்தப் பொண்ணு. அப்புறம் புள்ளயத் தூக்கிக்கிட்டு பட்டுக்கோட்டைக்குத் தாய் வீட்டுக்குப் போயிடுச்சு. அறிவழகன் கொஞ்ச நாள் அங்கயும் இங்கயும் அலஞ்சான், அப்புறம் பட்டுக்கோட்டைலயே வாடகைக்கு வீடு புடிச்சுட்டான். அவ்ளோ பெரிய வீட்ல அண்ணன் ஒத்த ஆளு.

பதினோரு மாசம் தம்பி. மத்தியானச் சோறு என் வீட்லேர்ந்துதான் போகுது. நாந்தான் கேரியர்ல கொண்டு போவேன். இன்னிக்குத் தவிர ஒரு நாள் தவறினது இல்ல, மழையானாலும் சரி, எனக்குக் காய்ச்சலானாலும் சரி. அவரு சாப்பிடுறப்ப பக்கத்துல உக்காந்திருப்பேன். ஒரு தடவ ரசத்தப் பெசஞ்சுக்கிட்டே சொன்னாரு, 'பெத்தது போச்சு, பாட்டு போச்சு, நீ ஒருத்தன் இருக்க'ன்னு. அந்தச் சோறு அவரு தொண்டைல எறங்கிடுச்சு. எனக்கு அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் எறங்கல.

நீங்க கேக்கலாம், அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமேன்னு. எப்படிச் சொல்றது? மொத நாள் சொன்னா அது ஒரு தப்பு. பத்தாம் நாள் சொன்னா ரெண்டு தப்பு. மருமக போனப்புறம் சொன்னா, அவரு புள்ளய அவருகிட்டேர்ந்து பிரிச்சவன் நான்னு ஆயிடும். அதனால சொல்ற நாளு தள்ளித் தள்ளிப் போயிடுச்சு. வேணும்னு தள்ளல.

சும்மாவும் இருக்கல. ராக வாரியா பிரிச்சுட்டேன். வெக்கமாத்தான் இருக்கு சொல்றதுக்கு. சோத்த எடுத்துக்கிட்டுப் போய் அவரப் பாத்துட்டு வந்து, காதுல ஹெட்போன மாட்டிக்கிட்டு உக்காந்துடுவேன். தோடி நூத்தி நாப்பத்தொண்ணு. கல்யாணி தொண்ணூத்தாறு. என்னன்னு புடிபடாததெல்லாம் 'தெரியாதவை'ன்னு ஒரு ஃபோல்டரு. ஒவ்வொண்ணும் ஆரம்பிக்கிறப்ப அண்ணன் குரல் வரும், 'மாசி மகம், ரெண்டாம் திருநாள், பதினாலாம் நம்பர் வண்டில வந்தேன்'னு. அந்த எடத்தக் கொஞ்சம் வேகமா ஓட்டிடுவேன்.

போன வாரம் ஒண்ணு நடந்துச்சு. சாப்பிட்டுக் கை கழுவிட்டு வந்தவரு, 'கலியா, அந்த மாசி மகத்துல தீர்த்தவாரி முடிஞ்சு திரும்புறப்ப ஒரு ஆரபி வாசிச்சாங்களே, அது எப்படி ஆரம்பிக்கும்? மூணு நாளா நெனச்சு நெனச்சுப் பாக்குறேன், வர மாட்டேங்குது'ன்னாரு. அத நான் அன்னிக்குக் காலைலதான் கேட்டிருந்தேன். என்னையறியாம வாயால பாடிட்டேன். எடுப்பு, அதுக்கப்புறம் வர்ற வளைவு, எல்லாம். அண்ணன் என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு. 'உனக்காச்சும் ஞாபகம் இருக்கே. இனிமே நீதாண்டா எனக்கு டேப்பு'ன்னு சொல்லி அழுதாரு. எழுவத்தி மூணு வயசு ஆளு.

அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன். வெறும் அழுகையோட விட்டுடல, யோசிச்சேன். நல்லா யோசிச்சு ஒரு வழி கண்டுபுடிச்சேன். யாருக்கும் நஷ்டம் இல்லாத வழி. புது டிஸ்க்கு ஒண்ணு வாங்கி, இத அப்படியே அதுல போட்டேன். இந்தத் தடவ காப்பிதான், கண்ணாடியப் போட்டுக்கிட்டு எழுத்தப் பாத்து அமுக்கினேன். இன்னிக்குக் காலைல பட்டுக்கோட்டைக்கு சுகந்தி வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். என்ன வழின்னா, நீ மாமாவுக்குத் தெரியாம அப்பவே ஒரு காப்பி எடுத்து வெச்சிருந்தேன்னு சொல்லிடும்மா, பழைய பெட்டில கெடந்து இப்பத்தான் கெடச்சுதுன்னு சொல்லிடு. பாட்டு அவருக்குக் கெடச்சுடும். உன் பேரு நல்லாயிடும். குடும்பம் ஒண்ணாயிடும். இதுல யாருக்கு என்ன கொற? சொல்லுங்க.

சுகந்தி எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுச்சு. காபி குடுத்துச்சு. 'சின்ன மாமா, இது உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?'ன்னு கேட்டுச்சு. என்ன அது சின்ன மாமான்னுதான் கூப்பிடும். திருவாரூர் பக்கம் ஒருத்தர்கிட்ட பழைய காப்பி ஒண்ணு இருந்துச்சும்மா, எப்பவோ எடுத்ததுன்னு சொன்னேன். சரின்னு லேப்டாப்புல மாட்டுச்சு. ஃபோல்டரெல்லாம் பாத்துச்சு. 'மாசி எங்க?'ன்னுச்சு. ராக வாரியா இருக்கும்மான்னேன். 'ம்'முன்னுச்சு. 'தெரியாதவை'யத் தொறந்து, கீழ கீழ போய், ஒண்ணப் புடிச்சு ஓட விட்டுச்சு.

அது அந்தக் கடைசி கேசட்டு தம்பி. ஆபரேஷனுக்குக் கெளம்பின அன்னிக்குக் காலைல ஓடினது. நாடா ரொம்ப அழுகியிருந்ததால சரியாக் கேக்காது, அதனால நான் ஒரு நிமிஷம் கேட்டுட்டு விட்டுட்டேன். சுகந்தி அதக் கடைசிக்குத் தள்ளிப் போட்டுச்சு. வாசிப்பு தேஞ்சு நிக்குது. அப்புறம் வெறும் கொரகொர. அப்புறம் ஆட்டோ ஹாரன். 'மாமா, ஆட்டோ வந்துடுச்சு, கண்ணாடிய எடுத்துக்கிட்டீங்களா?'ன்னு சுகந்தி குரல். அதுக்கப்புறம் என் குரல். நல்லாத் தெளிவா. 'நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்கண்ணே. என் உசிரு மாதிரி பாத்துக்கிறேன்.'

மைக்கு ஓடிக்கிட்டுத்தான இருந்திருக்கு. எனக்கு எப்படித் தெரியும்? எப்பவோ எடுத்த காப்பில அன்னிக்குக் காலைல ஓடினது எப்படி இருக்கும்?

சுகந்தி கோவப்படும்னு பாத்தேன். படல. லேப்டாப்ப மூடுச்சு. அப்புறம் சொல்லுச்சு, 'சின்ன மாமா, பதினோரு மாசமா நாந்தான் என்னமோ தெரியாம அமுக்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன். என் வீட்டுக்காரர்கிட்டயே சொல்லியிருக்கேன், ஒருவேள நான்தான் அழிச்சிருப்பேன்னு. ஈ-சேவைல வேலைக்குப் போறதக்கூட விட்டுட்டேன். எதாச்சும் அழிஞ்சு போயிடுமோன்னு பட்டனத் தொடவே பயமா இருக்கு.'

நான் காபி டம்ளரக் கீழ வெச்சேன்.

'காப்பி எடுத்து வெச்சேங்கிற நல்ல பேரு எனக்கு வேணாம். அவரு சத்தியத்த மீறினேன்னு அவர்கிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன். நான் அழிக்கலன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும். அத நீங்கதான் சொல்லணும்'னுச்சு. டிஸ்க்க அதுவே துண்டுல சுத்திப் பைல வெச்சுச்சு. 'உங்க வீட்ல இன்னும் இருக்கா?'ன்னு கேட்டுச்சு. இல்லம்மான்னேன். அத அழிச்சுடணும்தான். ஆனா இன்னொரு தடவ எதாச்சும் ஆயிடுச்சுன்னா? ஒரு பாதுகாப்புக்கு இருக்கட்டுமே. அது பொய்யில சேராது.

சோறு போட்டுத்தான் அனுப்புச்சு, தெரியுமா. வாழக்காப் பொரியலு. வாசல் வரைக்கும் வந்து, 'சொல்லிட்டு எனக்கு ஒரு போன் பண்ணுங்க. நாங்க துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுட்டு ரெடியா இருக்கோம். அடுத்த வண்டிய புடிச்சு வந்துடுறோம்'னுச்சு. அண்ணன் பேத்தி செருப்ப மாட்டிக்கிட்டு வாசல்லயே உக்காந்துடுச்சு. தாத்தா வீட்டுக்கு, தாத்தா வீட்டுக்குன்னு.

ரெண்டு தடவ போன் வந்துடுச்சு. நீங்க வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு, ஒரத்தநாட்டுல ஒண்ணு. என்னன்னு எடுக்குறது? இன்னும் வேளாங்கரையே வரலியே. வந்தப்புறம் எடுக்கலாம்.

மணி என்ன தம்பி, நாலு முப்பத்தஞ்சா? இந்த நேரத்துக்கு அவரு வீட்ல இருக்க மாட்டாரு. நாலரைக்கெல்லாம் ஸ்டாப்புல வந்து உக்காந்துடுவாரு. எந்த வண்டி எத்தன நிமிஷம் லேட்டுன்னு பாக்குறதுக்கு. யாருக்கும் சொல்றதில்ல, சும்மா பாக்குறது. இப்பல்லாம் அவருக்கு வேற என்ன இருக்கு? ஸ்டாப்புல நாலு பேரு இருப்பாங்க தம்பி. நாலு பேரு முன்னாடி வெச்சு இத எப்படிச் சொல்றது? வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போய்த்தான் சொல்லணும். கூட்டிக்கிட்டுப் போனா வழியெல்லாம் என்ன பையி, என்ன பையின்னு கேப்பாரு.

இதான், இந்த வளைவு திரும்பினா வேளாங்கரை. கண்டக்டர் விசிலடிக்கிறாரு. அதோ, வேப்பமரத்தடில வெள்ளச் சட்ட, கைய நெத்தில வெச்சுக்கிட்டுப் பாக்குறாரு பாருங்க, அவருதான். ஆபரேஷன் பண்ண கண்ணு, நல்லாத் தெரியுது அவருக்கு. என்னப் பாத்துட்டாரு. கொஞ்சம் அந்த ஜன்னல விடுங்க தம்பி.

அண்ணே. இல்லண்ணே, எறங்கல. தஞ்சாவூர் வரைக்கும் ஒரு வேலையா. டிக்கெட் எடுத்துட்டேன். மத்தியானம் சோறு வந்துச்சா, பக்கத்து வீட்டுப் பையன் கொண்டு வந்தானா? ம். ம். வரேண்ணே. இருட்டுறதுக்குள்ள வந்துடுவேன். நீங்க வெயில்ல நிக்காதீங்க.

பாத்தீங்களா தம்பி. மூஞ்சி எப்படி மலந்துடுச்சு பாருங்க என்னக் கண்டதும். எறங்கு எறங்குன்னு கையக் காட்டுனாரு, டிக்கெட் எடுத்துட்டேன்னதும் ஒரு வார்த்த கேக்கல. கண்டக்டர் புத்தி, டிக்கெட்டுன்னா டிக்கெட்டுதான். கேட்டுச்சா உங்களுக்கு, பஸ்ஸு மேல ரெண்டு தட்டுத் தட்டினாரே? 'போலாம் ரைட்'டுன்னு. அவரே போகச் சொல்லிட்டாரு. அப்புறம் நான் என்ன பண்றது?

திரும்பி வர்றப்ப எறங்கிடுவேன். திரும்புற வண்டி ஆறரைக்கு, அப்ப ஸ்டாப்புல யாரும் இருக்க மாட்டாங்க.

போன் அடிக்குது. சுகந்திதான். புள்ள வாசல்லயே உக்காந்திருக்கும்.

தம்பி, இந்தப் பையக் கொஞ்சம் மேல வெச்சுடுறீங்களா? மேல இருந்தா அவ்ளோ சத்தம் கேக்காது.